முதல் தடவையா டிராக்டர் வாங்குறீங்களா? எச்பியை ஓரமா வச்சிட்டு இதையெல்லாம் பாருங்க

டிராக்டர் வாங்கப் போறேன்னு சொன்ன உடனே ஊர்ல எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்விதான், எத்தனை எச்பி, எவ்ளோ சொல்றான். இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும்னு ஏழெட்டு லட்சத்துக்கு லோன் போட்டு வண்டியை எடுத்துட்டு வந்துடுறாங்க. ஆனா 40லேர்ந்து 50 எச்பிக்குள்ள இன்னிக்கு விக்கிற வண்டிங்க எல்லாமே ஒம்போது கலப்பையை இழுக்கும், மண்ணைக் கிண்டிப் பொடியாக்குற அஞ்சடி ரோட்டவேட்டரை சுத்தும், டிப்பர்ல லோடு ஏத்துனா போகும், அதுல பெரிய ஏத்த எறக்கம் கெடையாது. வித்தியாசம் தெரியுறது வேற எடத்துல. காலைல ஆறு மணிக்கு ஏறி உக்காந்து மதியம் சாப்பாட்டுக்கு எறங்கும்போது இடுப்பு எப்படி இருக்கு, எடது கால் முட்டி என்ன சொல்லுது, நடவு நேரத்துல வண்டி நடு வயல்ல நின்னுட்டா எவ்ளோ நேரத்துல ஆள் வந்து நிப்பான், இதுலதான்.

கொஞ்சம் நிலம் வச்சிருந்து மிச்ச நேரத்துல வாடகைக்கும் ஓட்டலாம்னு நெனைக்கிற புதுசா வர்றவங்களுக்காக இதை எழுதுறேன். நான் சொல்ற வரிசை முக்கியம், ஷோரூம் இதுல ரொம்ப பின்னாடிதான் வரும்.

1. முதல்ல உங்க மண்ணு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம்னா வருஷத்துல பாதிக்கு மேல வேலை சேத்துழவு. டயரோட கேஜ் வீல்ங்குற இரும்புக் கூண்டு சக்கரத்தை மாட்டி தண்ணி நிக்கிற வயல்ல சுத்தணும், அங்க எடை ஜாஸ்தி உள்ள வண்டி பொதையும், அதனால கொஞ்சம் எடை கம்மியா இருக்குறதுதான் நல்லது. பிரேக் கண்டிப்பா ஆயில்ல முங்கியிருக்குற டைப்பா இருக்கணும், டிரை பிரேக்னா சேத்துத் தண்ணி உள்ள போயி ரெண்டு நாள்ல பிரேக் புடிக்காம போயிரும். பின் ஆக்சில் ஆயில் சீல் எவ்ளோ தாங்குதுங்குறதுதான் டெல்டாவுல வண்டியோட தரத்தையே முடிவு பண்ணும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசக்காட்டுல கதையே வேற. சித்திரை, வைகாசி கோடை உழவுக்கு சட்டிக்கலப்பையை காஞ்ச கரிசல்ல எறக்குனீங்கன்னா வண்டி முக்கும், அங்க எடை வேணும், கம்மி ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் மெதுவா சுத்தும்போதே, இழுக்குற தெம்பு வேணும், பின் டயர் 13.6க்கு பதிலா 14.9 சைஸ் இருந்தா பிடிப்பு நல்லா இருக்கும். டயர்ல முக்கால்வாசி தண்ணி நெரப்பி எடை ஏத்துறதும் இந்த வேலைக்குதான், ஆனா அதோடவே ரோட்ல லோடு அடிச்சா டீசல் வீணா போகும், தண்ணியை எறக்கிட்டுதான் போகணும்.

பொள்ளாச்சி மாதிரி தென்னந்தோப்புன்னா தோப்புக்குள்ள திரும்ப முடியுமா, சைலன்சர் மேல் நோக்கி நிக்குதா கீழ எறங்குதான்னு பாருங்க, தாழ்ந்த மட்டை, மாமரக் கிளைல எல்லாம் நிமிர்ந்த சைலன்சர் இடிச்சுக்கிட்டே போகும். முழுக்க தோப்பு வேலைதான்னா 45 எச்பியே வேணாம், 25 எச்பி பக்கம் வர்ற சின்ன வண்டி போதும். பக்கத்து வீட்டுக்காரர் பெருசு வச்சிருக்கார்னு நாமளும் வாங்கணும்னு இல்ல.

கரும்பு லோடு, செங்கல் லோடுதான் முக்கிய வருமானம்னா பிரேக்கும் முன்பக்க எடையும் மொதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்.

2. ஷோரூமுக்கு முன்னாடி பட்டறை

உங்க ஊர்லேர்ந்து பத்து கிலோமீட்டருக்குள்ள டிராக்டர் வேலை பாக்குற பட்டறை எது எதுன்னு விசாரிங்க, ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு உக்காருங்க. "எது நல்ல வண்டி"ன்னு மட்டும் கேட்றாதீங்க, அவருக்கு கைப்பழக்கம் உள்ளதைதான் சொல்லுவார், அதுல உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. கேக்க வேண்டியது இப்படி: எந்த வண்டிக்கு கலப்பையைத் தூக்குற ஹைட்ராலிக் பம்ப்பை அடிக்கடி கழட்டுறீங்கண்ணே, எதுக்கு முன் ஆக்சில் புஷ் சீக்கிரம் போகுது, ஸ்டார்ட்டர் மோட்டார் எதுல தொந்தரவு, கிளட்ச் மாத்துறதுக்கு வண்டியை ரெண்டா பிளக்கணும்ல அதுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் எவ்ளோ கூலி எவ்ளோ நேரம். இப்படி பார்ட் பேரைச் சொல்லி கேட்டா மனுஷன் மனசுல உள்ளதைக் கொட்டிருவார்.

அப்புறம் பக்கத்துல இருக்குற ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டீசல் ஃபில்டர், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், பின் ஆக்சில் சீல், இந்த நாலும் கடைல இருக்கா, ஆர்டர் போட்டு வர வைக்கணுமான்னு நீங்க யோசிக்கிற ரெண்டு மூணு வண்டிக்கும் கேட்டு எழுதிக்கோங்க. மாசி ஃபெர்குசன் 241ல வர்ற இன்ஜின் சிம்ப்சன், நம்ம சென்னைலயே செய்யுறது, மஹிந்திரா 575 நாடு முழுக்க லட்சக்கணக்குல ஓடுது, இந்த மாதிரி வண்டிக்கு சின்ன டவுன்ல கூட பார்ட் கெடைக்கும். புதுசா வந்த மாடல் எவ்ளோ நல்லா இருந்தாலும் ஒரு சீலுக்காக மூணு நாள் காத்துக் கெடந்தா அந்த சீசன் வாடகை போச்சு.

ஒரே குரூப்தானேன்னு ஏமாந்துடாதீங்க. ஸ்வராஜ் 2007லேர்ந்து மஹிந்திரா குரூப், ஐச்சர் டிராக்டர் 2005லேர்ந்து மாசி செய்யுற டாஃபே கையில, பவர்ட்ராக், ஃபார்ம்டிராக், குபோட்டா மூணும் இப்ப ஒரே கம்பெனி. ஆனா டீலர் வேற, சர்வீஸ் ஆள் வேற, பார்ட்டும் பெரும்பாலும் வேற. உங்க ஏரியால அந்த பேர் போட்ட டீலர் இருக்காரான்னுதான் பாக்கணும்.

பட்டறைலயே இன்னும் மூணு விஷயம் தெளிவு பண்ணிக்கோங்க. ஒண்ணு டீசல் பம்ப். இன்லைன் பம்ப்புன்னா கொஞ்சம் அழுக்கு டீசலையும் தாங்கிக்கும், லோக்கல்ல டீசல் பம்ப் பாக்குற கடைலயே சரி பண்ணிருவாங்க. ரோட்டரி பம்ப்புக்கு உள்ள போற டீசல்தான் எண்ணெய் மாதிரி வழுவழுப்பும் குடுக்கணும், அதனால டீசல்ல தண்ணி கலந்தா அது உடனே படுத்துரும், கேன்ல டீசல் வாங்கி வச்சு வாரக்கணக்குல ஊத்துறவங்க இதை மனசுல வச்சுக்கணும். ரெண்டாவது ஏர் ஃபில்டர், பழைய ஆயில் பாத் டைப்பா டிரை டைப்பான்னு. ஆயில் பாத்னா டீசல்ல கழுவி ஆயில் மாத்துனா முடிஞ்சுது, செலவில்ல, ஆனா செம்மண் புழுதில தினமும் தொறந்து பாக்கணும். டிரை டைப் புழுதியை நல்லா புடிக்கும், அடைச்சா மீட்டர்ல லைட் எரியுற மாதிரி கூட வருது, ஆனா ஃபில்டரை காசு குடுத்து மாத்தணும், தண்ணில கழுவி மாட்டுற புத்திசாலிங்க இன்ஜினுக்கே உலை வைக்கிறாங்க.

மூணாவது கொஞ்சம் பெரிய விஷயம். 2023 ஜனவரி 1லேர்ந்து 50 எச்பிக்கு மேல உள்ள டிராக்டருக்கு டிரெம் 4ங்குற புகை விதி வந்துருச்சு, அதனால அந்த வண்டிங்கள்ல கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணி டீசல் பீச்சுற சிஆர்டிஐ இன்ஜின், சென்சார், ஈசியூங்குற கம்ப்யூட்டர் பெட்டின்னு காருக்கு வர்ற சமாச்சாரம் எல்லாம் வருது. ஓட்ட சுகமா இருக்கும், புகை கம்மி, லோடு ஏறும்போது மூச்சு வாங்காது, ஆனா செக் லைட் எரிஞ்சா லேப்டாப் கொண்டு வர்ற ஆள்தான் பாக்கணும், ஊர் மெக்கானிக் கை வைக்க மாட்டார். ஒரு எச்பி ரெண்டு எச்பி அதிகம் கெடைக்குதேன்னு 50ஐ தாண்டுறதுக்கு முன்னாடி, டீலர் கிட்ட அந்த லேப்டாப்பும் ஆளும் உங்க ஊருக்கு எவ்ளோ நேரத்துல வரும்னு கேளுங்க. என் கருத்து கேட்டா, முதல் வண்டி, ஒத்தை வண்டி, டவுன் தூரம்னா 50க்குள்ளயே நில்லுங்க.

3. நோட்டீசுல எதைப் படிக்கணும்

எச்பின்னு பெருசா போட்டிருக்குறது இன்ஜின் எச்பி. ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டுற பேலர் எல்லாத்தையும் சுத்துறது பிடிஓ எச்பி, பிடிஓன்னா வண்டிக்கு பின்னாடி கருவியை மாட்டிச் சுத்துற தண்டு, அதுக்கு வர்ற எச்பி சுமாரா இன்ஜின் எச்பில 85லேர்ந்து 90 சதவீதம் இருக்கும். சில கம்பெனி சரியான எச்பியே போடாம 41லேர்ந்து 50ன்னு ஒரு வகைப்பாடு மட்டும் போடுவாங்க, அப்ப பிடிஓ எச்பி எவ்ளோன்னு தனியா கேட்டு வாங்கிக்கணும். அடுத்து டார்க், அதாவது இன்ஜினோட திருப்பு விசை, அது எத்தனை ஆர்பிஎம்ல வருதுன்னும் பாருங்க, கம்மி ஆர்பிஎம்லயே வந்தா கலப்பை திடீர்னு கட்டி மண்ணுல இடிக்கும்போது கியரை எறக்காமயே இழுத்துட்டு போயிரும்.

நோட்டீசை விட நம்பலாம்னா மத்தியப் பிரதேசத்துல புத்னிங்குற ஊர்ல மத்திய அரசோட டிராக்டர் சோதனை நிலையம் இருக்கு, அங்க வண்டியை வச்சு பரிசோதிச்சு ரிப்போர்ட் போடுறாங்க. பிடிஓ பவர், டீசல் குடிக்கிற அளவு, எவ்ளோ கிலோ தூக்குது, பிரேக் எப்படி, டிரைவர் காதுகிட்ட சத்தம் எத்தனை டெசிபல், ஸ்டீயரிங், சீட்டு, பெடல் ஒவ்வொண்ணுலயும் அதிர்வு எத்தனை மைக்ரான்னு எல்லாம் அதுல இருக்கு. டீலர்கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் குடுங்கன்னு கேளுங்க, பாதிப் பேர் முழிப்பாங்க, அதுக்காக விட்றாதீங்க. சத்தமும் அதிர்வும் உள்ள பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து ரெண்டு வண்டிக்கு பக்கத்துல வச்சு பாத்தாலே சொகுசுங்குற வார்த்தைக்கு ஒரு அளவு கெடைச்சிரும்.

4. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காருங்க

இப்பதான் ஷோரூம். சேல்ஸ்மேன் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணத்தான் பாப்பார், வேணாம்னு சொல்லுங்க. செருப்போட ஏறுங்க, வயல்ல எப்படி ஏறுவீங்களோ அப்படி. படி எந்த உயரத்துல இருக்கு, ஏறும்போது கை புடிக்க எதாவது இருக்கா, இல்ல ஸ்டீயரிங்கை புடிச்சு தொங்கித்தான் ஏறணுமா. சேறு ஒட்டுன காலோட அதே படில ஏறுனா வழுக்குமான்னும் யோசிங்க.

உக்காந்ததும் எடது காலால கிளட்சை முழுசா மிதிச்சு அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருங்க. தொடை நடுங்குனா அந்த வண்டி உங்களுக்கு இல்ல, ஏன்னா ஒரு ஏக்கர் உழும்போதே அந்தப் பெடலை எத்தனை தடவை மிதிப்பீங்கன்னு கணக்கே இருக்காது. குள்ளமா இருக்கவங்க, பொண்ணுங்க ஓட்டப் போறாங்கன்னா இது இன்னும் முக்கியம், சீட்டை முன்னாடி தள்ளியும் பெடல் எட்டலைன்னா முழு கிளட்ச் மிதி படாது, பிளேட் தேய்ஞ்சே போகும். சீட்டுக்கு கீழயோ பின்னாடியோ ஒரு திருகு இருக்கும், அது ஓட்டுறவங்க எடைக்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங்கை இறுக்குறதுக்கு. வண்டி வாங்கி வருஷக்கணக்கா அதைத் தொடாதவங்கதான் அதிகம். 55 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்ல உக்காந்தா ஒருத்தருக்கு கட்டையா இருக்கும், இன்னொருத்தருக்கு அடில போய் இடிக்கும்.

கியர் லீவர் ரெண்டு காலுக்கு நடுவுல நிக்குதா, பக்கவாட்டுல இருக்கா பாருங்க. சைடு ஷிஃப்ட்னா கால் வைக்கிற எடம் காலியா இருக்கும், ஏறி எறங்க லேசு. சென்டர் ஷிஃப்ட் பழகுன டிரைவருங்க அதையேதான் கேப்பாங்க, கியர் உள்ள விழுறது கையில நல்லா தெரியும்னு சொல்லுவாங்க, அதுவும் பொய்யில்ல. புதுசா பழகுறவங்களுக்கு சைடு ஷிஃப்ட் நல்லது. கூடவே கியர் பாக்ஸ் எந்த டைப்னு கேளுங்க: ஸ்லைடிங் மெஷ்னா வண்டி நின்னாதான் கியர் மாத்த முடியும், இல்லைனா கரகரன்னு கத்தும், கான்ஸ்டன்ட் மெஷ்ல அந்த சண்டை கொறைவு.

ஹைட்ராலிக் லீவர் ரெண்டும் வலது கைப் பக்கம் இருக்கும், பின்னாடி திரும்பி கலப்பையைப் பாத்துகிட்டே அதைத் தொட முடியுதான்னு திரும்பிப் பாருங்க. உழவுல பாதி நேரம் நம்ம கழுத்து பின்னாடிதான் திரும்பியிருக்கும். அப்படி திரும்புறப்ப மட்கார்டு இடுப்புல இடிச்சா நாள் பூரா இடிக்கும்.

5. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம்

ஐடில்ல, அதாவது சும்மா நின்னு ஓடும்போது, எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான். கை ஆக்சிலேட்டரை 1500, 1800 ஆர்பிஎம்முக்கு ஏத்தி வச்சு ஸ்டீயரிங்கை லேசா புடிங்க, அப்புறம் பாதத்தை வண்டியோட தரைல அமுத்துங்க. விரல் மரத்துப் போற மாதிரி ஒரு நடுக்கம் சில வண்டில வரும், சில வண்டில வராது. மூணு சிலிண்டர் நாலு சிலிண்டர்னு இதுக்கு ஒரு பெரிய சண்டையே நடக்கும். பொதுவா நாலு சிலிண்டர் அதிர்வு கம்மிதான், குபோட்டா எம்யூ 4501ல நாலு சிலிண்டரோட அதிர்வை அடக்குற பேலன்சர் ஷாஃப்டும் இருக்குறதால இன்னும் அடங்கியிருக்கும், ஆனா தரையை ரப்பர் வச்சு நல்லா மாட்டியிருந்தா மூணு சிலிண்டர் வண்டியும் கெட்ட பேர் வாங்காது. கைய வச்சு பாத்தா தெரிஞ்சிரும், சிலிண்டர் எண்ணிக்கிட்டு இருக்க வேணாம்.

இடுப்பு வலிக்கு காரணம் இந்த சின்ன நடுக்கம் இல்லைன்னும் சொல்லிடுறேன். நம்ம முதுகெலும்பு விநாடிக்கு நாலஞ்சு தடவை குலுங்குற ஆட்டத்துலதான் ரொம்ப அதிரும், கட்டி மண்ணு மேலயும் வரப்பு மேலயும் வண்டி ஏறி எறங்குற குலுக்கல் கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் வருது. அதைத் தடுக்க வேண்டியது சீட்டு, டயர் காத்து, அப்புறம் நம்ம வேகம். ரோட்டுக்கு வச்ச காத்தோடவே காட்டுக்குள்ள எறங்குனா எந்த கம்பெனி சீட்டும் காப்பாத்தாது.

சத்தத்துக்கு வருவோம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல கேக்கக் கூடாதுங்குறாங்க, கேபின் இல்லாத டிராக்டர் லோடுல 90ஐ தாண்டும். காதுல வைக்கிற பத்து ரூவா ஃபோம் அடைப்பான் கூட நல்ல வேலை செய்யும், யாரும் போடுறதில்ல, டிராக்டர் டிரைவர்ங்க வீட்ல டிவி எவ்ளோ சத்தமா ஓடுதுன்னு கவனிச்சா புரியும்.

அப்புறம் சூடு. நம்ம ஊர் மே மாசத்துல இது சின்ன விஷயமில்ல. ரேடியேட்டர்லேர்ந்து வர்ற அனல் நேரா மொகத்துல அடிக்குதா, கியர் பாக்ஸ் மேல கெண்டைக்கால் படுதா. ஷோரூம் ஏசி காத்துல இது தெரியாது, ஏற்கனவே அந்த வண்டி வச்சிருக்கவர் காலைப் பாருங்க.

6. உங்க வயல்ல, உங்க கலப்பையோட

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. டீலர் டெமோ குடுக்கலைன்னா பரவால்ல, அதே மாடல் வச்சிருக்கவர்கிட்ட வாடகைக்கு எடுத்து உங்க நிலத்துல ஒரு அரை நாள் ஓட்டச் சொல்லுங்க, உழவும் முடிஞ்ச மாதிரி, வண்டியும் பாத்த மாதிரி. வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரை மணிக்கணக்குல வாடகைக்கு விடுது. உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னா ஓட்டுற டிரைவரை விடாம கவனிங்க.

வரப்பு வரும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. வலது கை ஹைட்ராலிக் லீவரை மேல தூக்கணும், எடது கால் கிளட்ச்சுல, எடது கை ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கணும், வலது கால் திரும்புற பக்கத்து பிரேக்கை மட்டும் மிதிக்கணும், இது அத்தனையும் ரெண்டு மூணு விநாடிக்குள்ள. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டின்னா அந்த எடது கையோட தோள்பட்டை சாயங்காலம் சொல்லும். ரோட்டவேட்டர் ஓடிட்டு இருந்து அதை மேல தூக்கும்போது பிடிஓ ஷாஃப்ட் கோணலாகி ஜாயின்ட் கடகடன்னு அடிக்கும், அங்கதான் கிளட்ச் டைப் முக்கியமாகுது. சிங்கிள் கிளட்ச்சுல மிதிச்சா வண்டியும் நிக்கும், பிடிஓவும் நிக்கும். டூயல் கிளட்ச்சுல பாதி மிதிச்சா வண்டி மட்டும் நிக்கும், ரோட்டவேட்டர் சுத்திட்டே இருக்கும், முழுசா மிதிச்சாதான் ரெண்டும் நிக்கும். இன்டிபென்டன்ட் பிடிஓன்னா தனி லீவர், கிளட்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, புதுசா ஓட்டுறவங்களுக்கு இதுதான் லேசு. வைக்கோல், கரும்புச் சோகை சுத்திக்கிற நிலம்னா ரிவர்ஸ் பிடிஓ உள்ள மாடல் இருக்கான்னு கேளுங்க, ரோட்டவேட்டரை பின்னோக்கி சுத்தி விட்டா சிக்குனது கழண்டுரும், அரிவாளை எடுத்துட்டு கீழ படுக்க வேண்டாம்.

பிடிஓன்னு பேச்சு வந்ததால ஒரு வார்த்தை. 540 ஆர்பிஎம்னா ஒரு விநாடிக்கு ஒம்போது சுத்து. வேட்டியோ லுங்கியோ துண்டோ நுனி பட்டா கையை எடுக்க நேரம் இருக்காது. ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் கவர் இருக்கணும், கவர் போன பழைய ரோட்டவேட்டரை யாராவது சும்மா குடுத்தாலும் கவர் மாத்தாம மாட்டாதீங்க.

ஹைட்ராலிக்ல ரெண்டு லீவர் எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறதே இல்ல. ஒண்ணு பொசிஷன், கலப்பை எந்த உயரத்துல நிக்கணும்ங்குறது. இன்னொண்ணு டிராஃப்ட், கட்டி மண்ணு வந்து இழுவை ஜாஸ்தியானா கலப்பையை தானா கொஞ்சம் தூக்கி, மண்ணு லேசானதும் திரும்ப எறக்கும். இழுக்குற கலப்பைக்கு டிராஃப்ட், ரோட்டவேட்டருக்கு பொசிஷன், அவ்ளோதான். டெமோல கலப்பையை தூக்கி வச்சு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள கலப்பை தரையைத் தொட்டிருந்தா லிஃப்ட்ல உள்ளுக்குள்ள கசிவு இருக்குன்னு அர்த்தம், பழைய வண்டி வாங்குறவங்க இதைக் கண்டிப்பா பண்ணணும்.

ரோட்டுக்கு வந்ததும் ரெண்டு பிரேக் பெடலையும் சேத்து கொக்கி போட்டு லாக் பண்ணுங்க. வயல்ல தனித்தனியா வேணும், ரோட்ல டிப்பரோட போகும்போது ஒரு பக்க பிரேக் மட்டும் புடிச்சா வண்டி சுருண்டு கவுந்துரும். டெமோவுல அந்தக் கொக்கி லேசா விழுதா, துரு புடிச்சு கெடக்கான்னு பாருங்க.

நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல் டிரைவ் வேணுமான்னா, சேத்துழவும் கரிசலும்னா வேணும், கை குடுக்கும். செம்மண் மேட்டு நிலமும் ரோடு லோடும்னா காசு வீண். எடுத்தா தார் ரோட்ல அதை ஆஃப் பண்ணிடணும், டயர் மாத்தும்போது கம்பெனி சொன்ன முன், பின் சைஸ் ஜோடியே போடணும், சைஸ் மாறுச்சுன்னா முன் டயரும் கியரும் சீக்கிரம் போகும்.

7. சரி, எந்த வண்டிதான்?

இதை சொல்லாம விட்டா திட்டுவீங்க. நான் ரெண்டு கூட்டமா பிரிச்சுப் பாப்பேன். மாசி 241, மஹிந்திரா 575, ஸ்வராஜ் 744 இதெல்லாம் ஒரு பக்கம்: பழைய டிசைன், ஊர்ப் பட்டறைல முடிஞ்சிரும், பார்ட் சல்லிசு, திருப்பி வித்தாலும் ஆள் இருக்கு, ஆனா அடிப்படை மாடல்ல சொகுசு எதிர்பாக்கக் கூடாது. ஜான் டியர் 5 டி வரிசை, குபோட்டா, நியூ ஹாலண்ட் மாதிரி இன்னொரு பக்கம்: பெடல் லேசு, ஆயில் பிரேக், பவர் ஸ்டீயரிங், உக்காந்து ஓட்ட சுகம், பார்ட்டும் சர்வீஸும் டீலர் கையில. முதல் கூட்டத்து வண்டியையே பவர் ஸ்டீயரிங், ஆயில் பிரேக், டூயல் கிளட்ச் போட்டு மேல் வேரியன்ட்ல எடுத்தா இடைவெளி பாதி கொறைஞ்சிரும், ரெண்டு பேருக்கும் நடுவுல முழிக்கிறவங்களுக்கு அதுதான் என் பதில்.

நீங்களே ஓட்டப் போறீங்கன்னா ரெண்டாவது கூட்டம். டிரைவர் வச்சு வாடகைக்கு விடப் போறீங்கன்னா, ஆள் மாறி ஆள் ஓட்டுவான், அடிச்சு ஓட்டுவான், முதல் கூட்டம். அதுலயும் டிரைவர்கிட்ட கேக்காம வாங்காதீங்க, அவருக்குப் புடிக்காத வண்டிக்கு மாசத்துக்கு ஒரு ரிப்பேர் தானா வரும்.

8. காசு குடுக்கும்போது

2025 செப்டம்பர் 22லேர்ந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 சதவீதமா கொறைஞ்சிருக்கு, டிராக்டர் டயருக்கும் 18லேர்ந்து 5. பில்லுல அது சரியா இருக்கான்னு பாருங்க. மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல மொதல்ல கேளுங்க, வண்டியை எடுத்துட்டு அப்புறமா மானியம் கேட்டா கெடைக்காது, அனுமதி வந்துட்டுதான் வாங்கணும்.

வாரன்டி அஞ்சு வருஷம், ஆறு வருஷம்னு போர்டு தொங்கும். எத்தனை மணி நேரம் வரைக்கும், எது எதுக்கு, எது இல்லைன்னு எழுத்துல காட்டச் சொல்லுங்க, கிளட்ச் பிளேட், சீல், பேட்டரி, டயர் எல்லாம் பெரும்பாலும் அதுல வராது. சர்வீஸை ஒரு தடவை வெளில பண்ணா வாரன்டி போயிருமாங்குறதையும் கேட்டுக்கோங்க. பம்ப்பர், கலப்பை மாட்டுற டாப் லிங்க், டிப்பர் கோக்குற டிராபார், டூல் பாக்ஸ், கூரை இதெல்லாம் விலைல சேத்தியா தனியான்னு அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே பேசிருங்க, அப்புறம் பேச்சுக்கு மரியாதை இல்ல.

டெலிவரி அன்னிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் ஏத்துறதுக்கு முன்னாடி இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் பில்லோட ஒத்துப் போகுதா, வண்டி ஓடுன நேரத்தைக் காட்டுற மணி மீட்டர் எவ்ளோ காட்டுது, டயர்ல தயாரிப்பு வாரம், வருஷம் என்னன்னு பாருங்க. யார்டுல மழையில ரொம்ப நாள் நின்ன வண்டின்னா பேட்டரி முனைலயும் போல்ட்லயும் தெரிஞ்சிரும். முதல் சர்வீஸ் பொதுவா 50 மணி நேரத்துல வரும், அதுவரைக்கும் முழு லோடும் குடுக்காதீங்க, சும்மா ஐடில்லயும் ஓட விடாதீங்க, அந்த முதல் ஆயிலை மாத்தும்போது பக்கத்துல நின்னு, வீல் நட்டு, ஹப், சைலன்சர் போல்ட் எல்லாத்தையும் ஒரு தடவை இறுக்கச் சொல்லிட்டு கையெழுத்து போடுங்க.